வீட்டு நேரத்தைக் கல்லூரியும் கணக்கில் எடுக்கட்டும்

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புகிற போர்வெல் வண்டி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பப் பல மாதங்கள் ஆகும். நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒரு நடை முடித்து வீட்டுக்கு வருவதற்குள் அடுத்த லோடு காத்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனால் கரை சேர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகிவிடும். ராணுவ வீரர்கள், கப்பல் பணியாளர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. நாட்டுக்குள்ளேயே ஊர் ஊராகப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே, கணவர் ஊரில் இல்லாத வீடு தமிழ்நாட்டில் அபூர்வமானதல்ல. அந்த வீடுகள் பலவற்றில் இப்போது மனைவி படித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தோடு நின்றுபோன பி.காம். படிப்பை முடிக்கிறார், பி.எட். சேர்ந்திருக்கிறார், தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறார். 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்திருந்த 45.71 லட்சம் பேரில் 20.9 லட்சம் பேர் பெண்கள்.

இப்படிப் படிக்கும் பெண்ணிடம் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சிலர் எப்படித்தான் சமாளிக்கிறாயோ என்று வியக்கிறார்கள். சிலர் விடியற்காலையில் எழுந்து படி, நேரத்தைத் திட்டமிட்டுக்கொள் என்று அறிவுரை சொல்கிறார்கள். சமாளிப்பது முழுக்க அவருடைய பொறுப்பு என்பதுதான் இரண்டு பேச்சுக்கும் அடியில் இருக்கும் எண்ணம். அந்த எண்ணத்தை ஏற்பதற்கில்லை. வீட்டில் இருக்கும் வேலைகளில் நேரத்தைத் தள்ளிவைக்கக்கூடியவை உண்டு, தள்ளிவைக்க முடியாதவை உண்டு. துணியை நாளைக்குத் துவைக்கலாம். பிள்ளையின் பசியை நாளைக்குத் தீர்க்க முடியாது. பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் தள்ளிவைக்க முடியாத வேலைகள் ஒரே நேரத்தில் வந்தால் ஆளுக்கொன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அது நடக்காது. கல்லூரியும் தன் வகுப்பு, தேர்வு, வருகைப்பதிவு எல்லாவற்றையும் அசைக்க முடியாதவையாக வைத்துக்கொண்டால் ஏதேனும் ஒன்று கைவிடப்படும். கைவிடப்படுவது எப்போதும் படிப்பாகத்தான் இருக்கும். குழந்தையும் கால்நடையும் காய்ச்சலும் நமக்காக நேரத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மாற்றிக்கொள்ளக்கூடியது கல்லூரி ஒன்றுதான். அது மாற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வீட்டு வேலையின் அளவைப் பார்ப்போம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் வீட்டு வேலை செய்பவர்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 305 நிமிடம் செலவிடுகிறார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்வது இதில் சேராது. அதைச் செய்யும் பெண்களுக்கு அது தனியாக 140 நிமிடம். சமையல், துப்புரவு, துணி, பிள்ளை என்று எல்லாவற்றையும் பார்க்கும் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும். இதற்கு முந்தைய 2019 கணக்கெடுப்பில், ஒரு நாளில் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அப்படியானால் கணவர் வீட்டில் இருந்தாலும் என்ன மாறிவிடப்போகிறது என்று சிலருக்குத் தோன்றலாம். மாறத்தான் செய்யும். சமையலறைப் பக்கம் வராத கணவர்கூடப் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவார், நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் வண்டியை எடுப்பார், தீவன மூட்டையை இறக்கிவைப்பார், மனைவி தேர்வெழுதும் மூன்று மணி நேரம் வீட்டில் இருப்பார். கணக்கெடுப்பில் சில நிமிடங்களாகப் பதிவாகும் இந்த உதவிகள்தான் ஒரு செமஸ்டர் தப்புவதையும் தவறுவதையும் முடிவு செய்கின்றன. அவர் பயணத்தில் இருக்கும்போது இல்லாமல்போவது இந்த இரண்டாவது ஆள்.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. மனிதர்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கிட ஐக்கிய நாடுகள் சபை வகுத்த 2016 பன்னாட்டு வகைப்பாடு, செல்லப்பிராணிகளைப் பராமரிப்பதை ஊதியமில்லா வீட்டு வேலையின் ஒரு தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. நம் நாட்டுக் கணக்கெடுப்பும் அதன் அடிப்படையில்தான் நடக்கிறது. நாய்க்குச் சோறு வைப்பதும் பூனையை ஊசி போடத் தூக்கிக்கொண்டு போவதும் வேலைதான் என்று புள்ளியியல் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. அது எப்படிப்பட்ட வேலை என்பது அருகில் இருந்து பார்த்தால்தான் தெரியும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகளும் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகளும் இருக்கின்றன. கறவை மாடு உள்ள வீட்டில் பொழுது விடிவதே பால் சொசைட்டி நேரத்தை வைத்துத்தான். இருட்டோடு எழுந்து சாணி அள்ளி, கன்றை ஊட்டவிட்டு, மடி கழுவிக் கறந்து, கேனோடு சொசைட்டிக்குப் போய் வரிசையில் நின்று ஊற்றிவிட்டு வர வேண்டும். பால் வண்டி கிளம்பிவிட்டால் அந்த வேளைப் பாலுக்குக் காசு இல்லை. மாலையிலும் இதே சுற்று. நடுவில் தண்ணீர், தவிடு, புண்ணாக்கு, பசுந்தீவனம். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால், காலையில் கத்தியதற்கு மாலைக்குள்ளும் மாலையில் கத்தியதற்கு மறுநாள் காலைக்குள்ளும் சினை ஊசி போட்டாக வேண்டும். அந்தப் பொழுதைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஏறத்தாழ 21 நாள். அதுவரை தீவனச் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கே செமஸ்டர் தேர்வும் இருந்தால் அந்தப் பெண் எதைத் தேர்ந்தெடுப்பார்?

நகரத்து வீட்டில் மாட்டின் இடத்தில் நாய் இருக்கும். காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போக வேண்டும். வேளைக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டு முடிக்காத குட்டிக்குப் பார்வோ கண்டு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் ஆரம்பித்தால் அன்றே டிரிப்ஸ் ஏற்றத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் குட்டி பிழைப்பது அரிது. கணவர் பயணம் கிளம்பியதிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு சோறு எடுக்காமல் கிடக்கும் நாய்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கொடுத்து உண்ண வைப்பதும் அந்தப் பெண்ணின் வேலைதான். இவற்றுக்கெல்லாம் ஆகும் மொத்த நேரம் ஒருவேளை அதிகமில்லை. ஆனால் அந்த நேரம் எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. நேர நிர்வாகம் பற்றிய அறிவுரைகள் தோற்கும் இடம் இதுதான். நம் கையில் இருக்கும் நேரத்தைத்தான் நிர்வகிக்க முடியும்.

படிப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் ஊகிக்கத் தேவையில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று வரையறுத்திருக்கிறது. அதன் பி.ஏ. பொதுப் பட்டத்துக்கு 132 கிரெடிட். பெருக்கிப் பார்த்தால் 3,960 மணி நேரம். மூன்றே ஆண்டில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதையும் விடாமல் நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். அதே பட்டத்தை முடிக்க அந்தப் பல்கலைக்கழகம் ஆறு ஆண்டுவரை அவகாசம் தருகிறது. அப்படி நீட்டிக்கொண்டால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகப் போதும். ஏழு மணி நேர வீட்டு வேலைக்கும் மாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே மூன்றரை மணி நேரம் கிடைப்பது கடினம். இரண்டு மணி நேரம் கிடைக்கலாம். மெதுவாகப் படிப்பதற்கு விதியில் இடம் இருந்தால் தொடங்கிய படிப்பை முடிக்கும் வாய்ப்பு உயரும் என்பதை இந்தக் கூட்டல் கழித்தலே காட்டிவிடுகிறது. ஆனால் அவகாசம் மட்டும் போதாது. அந்த இரண்டு மணி நேரமும் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. பிள்ளை தூங்கியபின் கொஞ்சம், பால் ஊற்றி வந்தபின் கொஞ்சம் என்று சிதறித்தான் கிடைக்கும். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மணிக்கு நேரில் வந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை எத்தனைக்கு எத்தனை குறைகிறதோ, அத்தனைக்கு அத்தனை இந்தச் சிதறிய நேரம் படிப்புக்குப் பயன்படும்.

நம் விதிகளோ அந்த நிபந்தனையைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. இக்னோவின் பருவ இறுதித் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. தேர்வன்று பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் அந்தத் தாளுக்கு அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. மணமான பெண்கள் விரும்பிச் சேரும் பி.எட். படிப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளால் இரண்டாண்டாகியது. அதில் பாட வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சி மட்டும் 16 வாரம். ஆசிரியராகப் போகிறவர் வகுப்பறையில் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த 16 வாரத்தில் அவருக்குத் தொடர்ந்து ஒரு வாரம் இடைவெளி விழுந்தால், விட்ட நாள்களைப் பள்ளி திறந்திருக்கும் வேறொரு மாதத்தில் ஈடுசெய்துகொள்ள ஏன் வழி வைக்கக் கூடாது? கலை அறிவியல் கல்லூரிகளிலும் 75 விழுக்காடு வருகை என்பது பொதுவான வரம்பு. அது குறையும்போது ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லுபடியாகும் பதிலாக இருக்கிறது. காய்ச்சலில் கிடந்தவர் பிள்ளையாக இருந்து, பார்த்துக்கொண்டவர் மாணவியாக இருந்தால் அந்த விடுப்புக்குப் பெயர் கிடையாது.

இதைக் கேட்பவர்கள் முதலில் எழுப்பும் மறுப்பு, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாடு கறந்து, படித்துத் தேர்வாகி அரசு வேலையில் சேர்ந்த பெண்கள் இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறார்கள், அவர்கள் பெருமைக்குரியவர்கள். ஆனால் வென்றவர்களை மட்டும் வைத்து விதியைச் சரி என்று சொல்வது முறையான கணக்கு ஆகாது. அவர்களோடு சேர்ந்து பணம் கட்டி, முதல் பருவத்திலேயே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நின்றவரின் பேட்டியை யாரும் எடுப்பதில்லை. அவர் வீட்டிலும் ஊரிலும் அதைச் சோம்பல் என்றோ ஆர்வம் போய்விட்டது என்றோ முடித்துவிடுகிறார்கள். மன உறுதி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே படிப்புக்கு ஒருவரிடம் சாதாரண உறுதியும் இன்னொருவரிடம் அசாதாரண உறுதியும் கேட்கும் விதி நியாயமானதா என்பதே கேள்வி.

இரண்டாவது மறுப்பு தரம் பற்றியது. ஆளுக்கொரு சலுகை கொடுத்தால் பட்டத்துக்கு மதிப்பு போய்விடும் என்கிறார்கள். இது பொறுப்பான கவலை, பதில் சொல்ல வேண்டியதும்கூட. வினாத்தாளை எளிதாக்கினால், விடைத்தாளைத் தாராளமாகத் திருத்தினால் தரம் குறையும். அதே வினாத்தாளை இன்னொரு தேதியில் கேட்டால் குறையாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாணவர் வேண்டும்போது எழுதும் தேர்வு முறையை வைத்திருக்கிறது. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் பாடங்கள் பதிவு செய்த காணொளிகளாகக் கிடைக்கின்றன. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் என்பதை மாணவரே முடிவு செய்யலாம், சான்றிதழோடும் டிப்ளமோவோடும் இடையில் நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் படிப்பைத் தரம் தாழ்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கென 240 நாள்வரை விடுப்புக்கு வழி செய்தன. முனைவர் பட்டத்தின் மதிப்பு அதனால் குறையவில்லை. இளநிலை, முதுநிலை மாணவியருக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைத் தளர்வும் தர விதி வகுக்குமாறு 2021 டிசம்பரில் அதே குழு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. பிள்ளை பெறுவதற்கு விடுப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டவர்கள், பெற்ற பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்க்கும் காலத்துக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பிராணிகளைக் குறிவைத்து வருகிறது. இத்தனை சிரமத்தில் நாயும் மாடும் எதற்கு, கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கிறார்கள். கறவை மாடு அந்த வீட்டின் வாரச் சம்பளம். கணவர் அனுப்பும் பணம் தாமதமாகும் மாதத்தில் பால் காசுதான் கடைக் கணக்கைத் தீர்க்கிறது. பல வீடுகளில் மனைவியின் பருவக் கட்டணமே அதிலிருந்துதான் போகிறது. ஆண்துணை இல்லாத வீட்டுக்கு இரவில் நாய் ஒரு காவல். அப்பா ஊரில் இல்லாத பிள்ளைக்கு அது துணையும்கூட. இதையெல்லாம் விட்டாலும் வளர்த்த பிராணியை நினைத்தபோது கைவிட முடியாது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், நியாயமான காரணமின்றிப் பிராணியைப் பட்டினியோ தாகமோ படும் நிலையில் கைவிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. வாயில்லா ஜீவனுக்கான கடமையைச் சட்டம் வலியுறுத்தும் நாட்டில், அந்தக் கடமையைச் செய்பவரைப் பார்த்து இது உன் ஆடம்பரம் என்று சொல்வது பொருந்தாது.

மாமியாரோ அம்மாவோ பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்பது நான்காவது கேள்வி. பார்த்துக்கொள்ளும் வீடுகளில் படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வேலைக்காகக் குடிபெயர்ந்த வீட்டில் மாமியார் பக்கத்தில் இருப்பதில்லை. இருக்கும் வீட்டில் அவருக்கே சர்க்கரை, மூட்டு வலி என்று கவனிப்பு தேவைப்படும் வயது. உறவினரின் உதவி நல்ல வாய்ப்பு, அதை நம்பி ஒரு பல்கலைக்கழகம் தன் விதிகளை எழுத முடியாது. இதோடு சேர்த்துச் சொல்லப்படுவது, இணையவழி வகுப்பு வந்தபின் இந்தப் பிரச்சினையே இல்லை என்பது. மாலை ஆறு மணிக்கு நேரலை வகுப்பு, கேமராவை அணைக்காமல் இருந்தால்தான் வருகைப்பதிவு என்றால், வீட்டிலிருந்தே படித்தாலும் அது மாலைக் கறவையோடும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடும் மோதத்தான் செய்யும். இணையம் தூரத்தைக் குறைக்கிறது. நேரத்தைத் தளர்த்துவது அதை நடத்துபவர் மனம்வைத்தால்தான் நடக்கும். வகுப்பைப் பதிவு செய்து வைப்பதும், பார்த்து முடித்ததைச் சிறு தேர்வால் உறுதி செய்வதும் பெரிய செலவு பிடிக்கிற காரியங்கள் அல்ல.

கல்லூரியை மட்டும் மாறச் சொல்லிவிட்டுக் கணவரை விட்டுவிடுவதா என்றும் கேட்கலாம். விடக் கூடாது. அவரும் வெயிலிலும் கடலிலும் தன் குடும்பத்துக்காகத்தான் உழைக்கிறார், அந்தப் பிரிவின் வலி அவருக்கும் உண்டு. தொல்காப்பியத்தின் கற்பியல், கல்விக்காகத் தலைவன் பிரியும் காலம் மூன்று ஆண்டைக் கடக்கக் கூடாது என்று எல்லை வகுக்கிறது. படிப்புக்குக் காலமும் குடும்பத்துக்குக் கடமையும் ஒருசேர வேண்டும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். அன்று படிக்கப் போனவன் தலைவன், இன்று வீட்டில் இருந்தபடியே படிப்பவர் தலைவி. வெளியூரில் இருப்பவரால் மாடு கறக்க முடியாது. ஆனால் வீட்டு நிர்வாகத்தின் பெரும்பகுதியைப் போனிலேயே செய்ய முடியும். மின் கட்டணம், கேஸ் பதிவு, பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை, தீவனக் கடைக்குப் பணம், கால்நடை மருத்துவருக்குத் தகவல், தேர்வு விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். இரவில் அரை மணி நேரம் பிள்ளையை வீடியோ அழைப்பில் உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் அந்த அரை மணி நேரம் மனைவியின் பாடத்துக்கு ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு வாரத்தில் அவர் ஊரில் இருக்கும்படி விடுப்பையோ நடையையோ அமைத்துக்கொள்ளலாம். ராணுவத்திலும் கப்பலிலும் விடுப்புக்கு மாதக்கணக்கில் முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். தேர்வு அட்டவணை சில வாரங்களுக்கு முன்னால்தான் வருமென்றால், மனமிருக்கும் கணவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கணவரின் பொறுப்பும் சுற்றிவந்து கல்லூரியின் அட்டவணையில்தான் நிற்கிறது. மனைவி வெளிநாட்டில் செவிலியராக இருக்க, கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு படிக்கும் வீடுகளுக்கும் இதே நியாயம்தான். விதி ஆண், பெண் பார்க்க வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் ஒற்றை ஆளைப் பார்த்தால் போதும்.

அரசின் கொள்கையும் இந்தத் திசையில் பாதி தூரம் வந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதை உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்றது. வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்ற அறிவிப்பு அதில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சவூதியில் வேலை பார்த்த கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் குடும்பத்தைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது என்று ஏற்று அவருக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். வீட்டில் இருந்தவரின் உழைப்பு இல்லாமல் வெளிநாட்டில் இருந்தவர் சம்பாதித்திருக்க முடியாது என்பதே அதன் சாரம். பணத்திலும் சொத்திலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்த உண்மை கல்வியில் இன்னும் ஏற்கப்படவில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பல பெண்களின் படிப்பைக் காத்த நல்ல திட்டம் அது. ஆனால் தொலைநிலைக் கல்வியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்கள் அதில் சேர முடியாது. வீட்டுப் பொறுப்பினால் கல்லூரிக்குத் தினமும் வர இயலாத பெண்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார். அதிகம் தேவைப்படுபவர் அங்கேதான் இருக்கிறார்.

இதற்கெல்லாம் செலவாகும், ஆசிரியர்களின் வேலை கூடும் என்பது உண்மைதான். அதனால்தான் கேட்பதை அளவோடு கேட்க வேண்டும். தேர்வு அட்டவணையைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அறிவிக்கலாம். தவறிய தாளை இரண்டு மாதத்துக்குள் எழுதத் துணைத் தேர்வு வைக்கலாம். குடும்பப் பராமரிப்பை வருகைத் தளர்வுக்கு உரிய காரணமாக விதியில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரோ கால்நடை மருத்துவரோ தரும் சான்றையும் ஏற்கலாம். தேர்வு மையங்களை வட்டத் தலைநகர்களுக்குக் கொண்டுவரலாம். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் ஓடுவது நகரப் பேருந்துதான், தொலைவில் இருக்கும் மையத்துக்கு அது போகாது. புதுமைப்பெண் திட்டத்தைத் தொலைநிலை மாணவியருக்கும் விரிவுபடுத்தலாம். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய மாநிலம் இது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. கல்லூரிக்கு வர முடியாதவரின் வீட்டுக்குப் பாடத்தை அனுப்பலாம் என்று அன்று துணிந்தவர்களுக்கு, அந்த வீட்டின் நேரத்தைப் பார்த்துத் தேர்வு வைப்பது பெரிய துணிச்சல் இல்லை.

இவற்றோடு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இன்னொன்றையும் செய்ய வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் விளம்பரம் செய்வதுபோல, அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் எந்தப் பருவத்தில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். பாதியில் நின்ற பெண்ணிடம் இன்று யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்டு எழுதத் தொடங்கினால், நின்றுபோனவர்களில் பலர் படிக்க விருப்பமோ திறமையோ இல்லாதவர்கள் அல்லர், மாற்றியிருக்கக்கூடிய ஒரு தேதியால் நிறுத்தப்பட்டவர்கள் என்பது தெரியவரும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அட்டவணையை மாற்றாமல் இருப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திடமும் நியாயம் இருக்காது.